தண்ணீருக்கும் கை உண்டு

"விடு" என்றாள் மேஸ்திரி.

கோந்து தலையை ஆட்டினாள். ஆனால் கை பிரியவில்லை.

"விடுன்னு சொன்னேன்ல?"

கோந்து மறுபடியும் தலையை ஆட்டினாள். வெள்ளைத் தொப்பி நழுவி அவள் மூக்கின் மேல் உட்கார்ந்தது. கை மட்டும் அண்ணன் கையோடு அப்படியே இருந்தது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

மேஸ்திரி ஆறாம் வகுப்பு. எங்கே இரண்டு பேர் சேர்ந்து நின்றாலும் "நீ இங்க நில்லு, நீ அதைத் தூக்கு" என்று வேலை பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் வந்த பட்டம் அது. அறிவியல் டீச்சருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அறிவியல் நாள் நாடகத்தை அவள் தலையில் கட்டிவிட்டு, அவர் நிம்மதியாக மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நாடகம் சின்னதுதான். வலிமை மிகு அமிலம் தண்ணீரில் கரைந்தால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும், அவ்வளவே. டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் ஜோடி ஜோடியாகக் கைகோத்திருக்கும். தண்ணீருக்குள் போனதும் எல்லா ஜோடியும் பிரிந்துவிடும். ஒன்றுகூட மிஞ்சாது. அதனால்தான் அது வலிமை மிகு அமிலம். வினிகரில் இருக்கும் அமிலம் அப்படியில்லை, வலிமை குறைந்தது. தண்ணீரில் போட்டாலும் ஏதோ ஒன்றிரண்டு ஜோடிதான் பிரியும். மற்றதெல்லாம் கையைப் பிடித்தபடியே இருக்கும்.

பக்கத்து வகுப்புக்கு வினிகர் கிடைத்திருந்தது. அதிர்ஷ்டக்காரர்கள். மேடைக்கு வந்து கைகோத்து நின்றால் போதும், நடித்த மாதிரி ஆகிவிடும். அந்த நாடகத்தின் தலைவன் எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டிருப்பான். அவன் பெயரே கொட்டாவி. அவனுக்கென்றே செய்த அமிலம் மாதிரி இருந்தது.

மேஸ்திரிக்கு வாய்த்ததோ ஏழு ஜோடி. அணுக்களிலேயே ஹைட்ரஜன்தான் ரொம்பச் சின்னது என்பதால், அதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போடலாம் என்று டீச்சர் யோசனை சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்றாவது ஓடிப் போகுமா? ஒன்றாம் வகுப்பு ஓடும். பச்சைத் தொப்பி போட்ட ஆறாம் வகுப்புக் குளோரின்கள் கையை விட்டதுதான் தாமதம், ஆறு ஹைட்ரஜன்களும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி சிதறின. ஒன்று தரையில் விரித்திருந்த நீலத் திரைச்சீலைக்கு அடியில் புகுந்து "நான் மீனு" என்றது. இன்னொன்று டீச்சரின் சிவப்புப் பேனாவைக் கேட்டு அழுதது. ஒன்று கழிவறைக்குப் போனது, போனதுதான்.

ஏழாவது ஹைட்ரஜன் மட்டும் நகரவே இல்லை. அதுதான் கோந்து.

கோந்துவும் அவள் அண்ணன் நெட்டையும் பாதி வருடத்தில் இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள். அவர்கள் அம்மா ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறார். தினமும் காலையில் வேன் வாசலில் நிற்கும், இருவரும் குதித்து இறங்குவார்கள். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கைய விடாத" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, ரொட்டி ஆறிப்போகும் அவசரத்தில் பறந்துவிடுவார். அவ்வளவுதான், இரண்டு கையும் சேர்ந்துகொள்ளும். பள்ளி மைதானத்தைத் தாண்டும்போதும் சேர்ந்தே இருக்கும், மதியம் சாப்பிடும்போதும் சேர்ந்தே இருக்கும். ஒரு கையால் எப்படித்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்களோ என்று எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். கோந்து என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பொருத்தமான பெயர்தான்.

நெட்டை மேஸ்திரியின் வகுப்புதான். ஆனால் அவன் குரல் எப்படியிருக்கும் என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"அக்கா, எங்களுக்கு வேஷம் இல்லையா?" ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புக் கூட்டம் கேட்டது. இரண்டு வாரமாக இதே கேள்வி.

"இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? இறங்குங்க" என்று மேஸ்திரி கத்தினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டாவி உள்ளே எட்டிப் பார்த்தான். "ஒரு ஜோடி இன்னும் பிரியலையே. அப்ப உங்களோடதும் வலிமை குறைஞ்ச அமிலம்தான். எங்க கூட வந்து நில்லுங்க. கால் வலிச்சா உக்காந்துக்கலாம்."

மேஸ்திரி பல்லைக் கடித்தாள்.

டீச்சர் தலையை நிமிர்த்தினார். "அவன் சொல்றதும் சரிதான்மா. ஒரு ஜோடி ஒட்டிக்கிட்டு நின்னாலும் பாடமே தப்பாயிடும். நாளைக்குள்ள சரியா வரலன்னா அந்த ரெண்டு பேரையும் எடுத்துடு. ஆறு ஜோடி போதும். நாளன்னைக்கு நாடகம்."

நெட்டையின் காது சிவந்துபோயிற்று. கோந்து தொப்பியை மெல்லத் தலையிலிருந்து எடுத்தாள். அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டில் தூங்குகிறாளாம். ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது.

"இதைத் திருப்பிக் கொடுத்துடணுமா அக்கா?"

"கைய விட்டா கொடுக்க வேண்டாம்" என்றாள் மேஸ்திரி. குரல் முன்பு போல ஓங்கவில்லை.

கோந்து யோசித்தாள். "விட்டா நான் எங்க போறது?"

"எங்க வேணா போ. தண்ணியில மித."

"தண்ணி எங்க?"

"இதோ" என்று காலடியில் கிடந்த நீலத் துணியைக் காட்டினாள் மேஸ்திரி.

கோந்து அதை உற்றுப் பார்த்தாள். "இது திரைச்சீலை" என்றாள்.

மேஸ்திரி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கீழேயே அம்மாவின் பேட்டரிக் கடை. வண்டி பேட்டரிகள் சுவரோரம் வரிசையாக இருக்கும். கடையின் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வர மேஸ்திரிக்கு அனுமதி கிடையாது. அம்மாவுக்குக் கோபம் வருகிற சமாச்சாரங்கள் உலகத்தில் நிறைய உண்டு என்றாலும், முதலிடம் அந்தக் கோட்டுக்குத்தான்.

அம்மா கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு, பெரிய ஜாடித் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மேஸ்திரி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விடவே மாட்டேங்குதும்மா."

"எது?"

"கோந்து."

"மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சுப் பாரு."

"அந்தக் கோந்து இல்லம்மா." மேஸ்திரி பெருமூச்சு விட்டாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பசி வேறு. "சீக்கிரம் ஊத்திட்டு வாயேன். ஏன் இப்படி உயிரை வாங்கற?"

"அவசரப்பட்டா கொதிச்சுத் தெறிக்கும். தெறிச்சா ஊத்தறவ மூஞ்சியிலதான் விழும்" என்றார் அம்மா. இன்னும் கொஞ்சம் ஊற்றினார், நிறுத்தினார். "இப்பவே ஜாடி எப்படிச் சுடுது பாரு. பாருன்னா அங்கேருந்தே பாரு."

"அடுப்பு இல்லாமலா சுடுது?"

"ஆசிட் உள்ள வந்தா தண்ணி என்ன கைகட்டிக்கிட்டு நிக்குமா? அதுவும் வேலை செய்யும்ல."

அம்மா மறுபடியும் வேலையில் மூழ்கிவிட்டார். மேஸ்திரி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரும் வேலை செய்கிறது. அவளுடைய நாடகத்தில் தண்ணீர் என்ன செய்கிறது? தரையில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. ஒருவன் அதற்கு அடியில் மீனாக இருக்கிறான். வேறொன்றும் செய்யவில்லை. ஒத்திகையில் தான் கத்தியதும் நினைவுக்கு வந்தது. தெறித்தது யார் மூஞ்சியில் என்று யோசித்தால் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"டீச்சர், கைய விட்ட ஹைட்ரஜன் எங்க போகும்?"

"தண்ணிக்குள்ளதான்" என்றார் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தனியாவா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "தனியா இல்ல. அதால தனியா இருக்கவே முடியாது. பக்கத்துல இருக்கற தண்ணி மூலக்கூறு அதை உடனே பிடிச்சுக்கும். அப்புறம் அடுத்த தண்ணிகிட்டக் கொடுக்கும். அது இன்னொண்ணுகிட்ட. அப்படியே கைமாறிப் போயிக்கிட்டே இருக்கும்."

"குளோரின்?"

"அதையும் விட்டுடாது. சுத்தி நின்னுக்கும். தண்ணி இப்படி ரெண்டையும் தாங்கிக்கறதாலதான் அதுங்க பிரியவே பிரியுது. இல்லன்னா ஏன் பிரியப்போகுது?"

மேஸ்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதை ஏன் டீச்சர் முதல்லயே சொல்லல?"

"அது பெரிய வகுப்புப் பாடம்மா."

"கோந்து ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். அவளுக்கே கேக்கத் தோணியிருக்கு."

டீச்சர் விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி, இப்ப என்ன செய்யலாங்கற?" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. நேராக ஐந்தாம் வகுப்பு வாசலுக்குப் போனாள்.

"தண்ணியா நடிக்க யார் வர்றீங்க?"

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம்தான். இரண்டு வாரமாக ஜன்னலில் தொங்கிய கூட்டம் மொத்தமும் கூடத்துக்குள் புகுந்தது. அமிலத்தைவிடத் தண்ணீர் நிறைய இருப்பதுதான் நல்லது என்று டீச்சரே சொல்லிவிட்டார். எல்லோருடைய நெற்றியிலும் நீலக் காகிதப் பட்டை கட்டியாயிற்று. தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டாள் மேஸ்திரி.

பிறகு கோந்துவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இதோ பாரு, தண்ணி நான்தான். நீ அண்ணன் கைய விட்டதும் நான் உன்னைப் பிடிச்சுப்பேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"பிடிச்சுட்டு?"

"அடுத்த தண்ணிகிட்டக் கொடுப்பேன். அது அடுத்ததுகிட்ட."

கோந்து நீலப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நிறைய தண்ணி இருக்கு" என்றாள் திருப்தியாக.

ஒத்திகை ஆரம்பித்தது. ஒரே சமயத்தில் எல்லோரையும் இறக்காமல், அம்மா ஆசிட் ஊற்றுவது போல ஒவ்வொரு ஜோடியாக இறக்கினாள் மேஸ்திரி. முதல் ஜோடி பிரிந்தது. ஹைட்ரஜன் ஓடுவதற்குள் ஒரு நீலப் பட்டை அதன் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது ஜோடி, மூன்றாவது ஜோடி. மீன்கூடத் தப்பவில்லை. ஆறாவது ஜோடி பிரிந்து, கோந்துவின் முறை வந்தபோதுதான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிரம்பு மாதிரி நீண்ட ஸ்கேலுடன் வந்து நின்றார். "என் கிளாஸ்ல ஒரு பிள்ளைகூட இல்ல. எல்லாம் இங்க என்ன செய்யுது?"

தண்ணீர் முழுவதும் வடிந்து போயிற்று.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த ஜோடி செஞ்சு பாக்கவே இல்லையே. என்ன செய்யலாம்? எடுத்துடலாமா?"

கோந்து தொப்பியை இரண்டு காதும் மூடும்படி இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றாள் மேஸ்திரி. "நான் பொறுப்பு."



மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. அப்பாக்கள், அம்மாக்கள், எல்லா வகுப்பு ஆசிரியர்கள். இரண்டாவது வரிசையில் கோந்துவின் அம்மா மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் வினிகர். கொட்டாவியின் ஆட்கள் கைகோத்து நின்றார்கள், ஒரே ஒரு ஜோடி பிரிந்தது, கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டான், கைதட்டல். ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் மேஸ்திரிக்கு எரிச்சல்.

அடுத்து வலிமை மிகு அமிலம். மேடை முழுக்கத் தண்ணீர் நின்றது. டீச்சர் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல, ஒவ்வொரு ஜோடியாக இறங்கியது, பிரிந்தது, தண்ணீர் பிடித்துக்கொண்டது. ஒரு ஹைட்ரஜன்கூட ஓடவில்லை. சபையில் சிரிப்பும் கைதட்டலும் மாறி மாறிக் கேட்டன.

"ஒரு ஜோடிகூட மிஞ்சாது" என்றார் டீச்சர் ஒலிபெருக்கியில்.

கடைசி ஜோடி இறங்கியது.

மேஸ்திரி கையை நீட்டினாள். கோந்து அவளைப் பார்த்தாள். கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு ஐந்து விரலையும் விரித்தாள்.

கை பிரியவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் என்று மேஸ்திரி நினைத்தாள். அப்புறம்தான் சரியாகப் பார்த்தாள். கோந்துவின் விரல்கள் ஐந்தும் விரிந்தே இருந்தன. அவள் மணிக்கட்டைச் சுற்றி நெட்டையின் விரல்கள் இருந்தன. உடும்புப் பிடி. விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தான். அவன் கண் இரண்டாவது வரிசையில், அம்மாவின் மேல் இருந்தது.

'கைய விடாத' என்று அந்த அம்மா தினமும் சொன்னது யாரிடம் என்று இப்போதுதான் மேஸ்திரிக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து அந்தச் சின்னக் கையைத் தவிர அவனுக்குப் பிடித்துக்கொள்ள இந்தப் பள்ளியில் வேறு எதுவும் இல்லை என்பதும் உறைத்தது. இரண்டு வாரமாகத் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் மேடையில் அதற்கும் வழியில்லை.

கொட்டாவிகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணா, விடு" என்றாள் கோந்து. "தண்ணி இருக்கு."

மெதுவாகத்தான் சொன்னாள். கடைசி வரிசை வரை கேட்டது.

நெட்டை தங்கையைப் பார்த்தான். மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி ஒரு கையைக் கோந்துவிடம் நீட்டியபடியே, இன்னொரு கையை அவனிடம் நீட்டினாள். "உன்னையும் சேத்துதான்" என்றாள் பல்லிடுக்கில். "டீச்சர்கிட்டக் கேட்டுட்டேன்."

அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கோந்து மேஸ்திரியின் கைக்கு வந்தாள். அங்கிருந்து அடுத்த நீலப் பட்டைக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று கைமாறி மேடையின் அந்தக் கோடி வரை சிரித்துக்கொண்டே போனாள். நெட்டையைச் சுற்றி மீதி நீலப் பட்டைகள் வந்து நின்றன. அவன் எல்லோரையும் விட இரண்டு தலை உயரமாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு அவனும் சிரித்தான். இரண்டாவது வரிசையில் ஏப்ரன் போட்ட அம்மா கைதட்ட ஆரம்பித்தார். மாவு பறந்தது.

திரை விழுந்ததும் மேஸ்திரி அவனைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் விடலைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவளைத்தானே கேட்ட" என்றான் நெட்டை.

அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மேஸ்திரிக்கு அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாகத் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம் போல ரொட்டிக்கடை வேன் வாசலில் நின்றது. கதவு திறந்தது. கோந்து வெள்ளைத் தொப்பியோடு குதித்து, மீனாக நடித்தவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள். நெட்டையை ஐந்தாம் வகுப்புக் கூட்டம் மரத்தில் சிக்கிய பந்தை எடுத்துத் தரச் சொல்லி இழுத்துக்கொண்டு போனது.

அவர்கள் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கைய விடா..." என்று ஆரம்பித்தவர், கீழே பார்த்தார். யாரும் இல்லை. வாசலில் மேஸ்திரி மட்டும், பிள்ளைகளை வரிசையாக உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என் பிள்ளைங்க ரெண்டும் எங்க?"

மேஸ்திரி திரும்பி மைதானத்தைப் பார்த்தாள்.

"கரைஞ்சுட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.